மர்லின் மன்றோ படத்தில் தோல் பதனிடும் வேதியியல்

"ஆண்டி வார்ஹோலின் மர்லின் மன்றோ படம் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனதாமே? பார்த்தால் போட்டோவுக்கு வண்ணம் அடித்த மாதிரி இருக்கிறது. அதை வரைந்தாரா, அச்சடித்தாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விலை உண்மைதான். 1964-இல் செய்த அந்தப் படம் 2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் அந்தத் தொகைக்குப் போனது. ஏன் அவ்வளவு விலை என்பதை ஏலக்காரர்கள் சொல்லட்டும். கேள்வியின் பின்பாதிக்கு வேதியியலில் பதில் உண்டு.

வார்ஹோல் அமெரிக்காவின் பாப் ஆர்ட் ஓவியர். அந்தப் பாப் ஆர்ட் பற்றி நாலு வரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடைச் சரக்கு, விளம்பரம், காமிக்ஸ், சினிமா நட்சத்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஓவியத்துக்குள் இழுத்துவந்த இயக்கம் அது. 1950-களில் லண்டனில் எடுவார்டோ பாவலோட்சி, ரிச்சர்ட் ஹாமில்டன் போன்றவர்கள் தொடங்கினார்கள். 1960-களில் நியூயார்க்கில் அது பெரிதாக வெடித்தது. காமிக்ஸ் கட்டங்களைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி, மலிவு அச்சில் தெரியும் புள்ளிகளையும் விடாமல் தீட்டியவர் ராய் லிச்டன்ஸ்டைன். வார்ஹோல் அதற்கும் ஒரு படி மேலே போனார். அச்சைப் பார்த்து வரைவானேன், அச்சையே கேன்வாஸ் மேல் போட்டுவிடலாமே என்று நினைத்தார்.

அவருடைய புகழ்பெற்ற 32 சூப் டப்பாக்கள் 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வந்தன. அவை பெரும்பாலும் கையால் வரைந்தவை. ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் வார்ஹோல் போட்டோவிலிருந்து ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் முறைக்கு மாறியிருந்தார். 1953-இல் வந்த ஒரு படத்துக்காக எடுத்த விளம்பரப் போட்டோதான் மர்லின் வரிசை முழுவதற்கும் மூலம்.

திருப்பூரில் டி-ஷர்ட்டில் படம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கை விளக்க வேண்டியதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதில் சில இடங்கள் அடைபட்டிருக்கும், சில இடங்கள் திறந்திருக்கும். மேலே மை ஊற்றி ரப்பர் பட்டையால் வழித்தால் திறந்த இடம் வழியாக மட்டும் மை கீழே இறங்கும். அவ்வளவுதான். ஆனால் ஒரு முகத்தை, அதன் நிழலும் இமையும் கெடாமல், துணியில் அடைப்பாகவும் திறப்பாகவும் மாற்றுவது எப்படி? கத்தியால் வெட்டியெடுக்க முடியாது. அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது.

ஜெலட்டினையும் பைகுரோமேட் உப்பையும் கலந்து துணியில் பூசி இருட்டில் காயவைக்கிறார்கள். அதன் மேல் போட்டோவின் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்துப் பலமான விளக்கைக் காட்டுகிறார்கள். ஃபிலிமில் கறுப்பாக உள்ள இடத்தில் வெளிச்சம் நுழையாது. மற்ற இடங்களில் நுழையும். பிறகு வெந்நீர். வெளிச்சம் படாத ஜெலட்டின் கரைந்து ஓடிவிடும். பட்ட இடம் கெட்டியாக நின்றுகொள்ளும். கறுப்புக் கண்ணிமை இருந்த இடம் துளைகளாகத் திறக்கும். அதன் வழியே கறுப்பு மை இறங்கும்.

வெளிச்சம் பட்டதும் ஜெலட்டின் ஏன் இறுகுகிறது? எனக்கு இதில் ஒரு தீராத ஆசை உண்டு. பைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம் +6 நிலையில், அதாவது ஆறு எலக்ட்ரான்களை இழந்த கணக்கில், இருக்கிறது. எலக்ட்ரானுக்கு ஏங்கும் நிலை அது. இருட்டில் சும்மா கிடக்கும். நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் கிளர்ந்து, பக்கத்தில் இருக்கும் ஜெலட்டினிலிருந்தே எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு, +3 நிலைக்கு இறங்கும். இறங்கியதும் அதன் குணமே மாறிவிடுகிறது. +3 குரோமியத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகளுக்கு இடம் உண்டு. ஜெலட்டின் நீண்ட புரதச் சங்கிலி. அதில் ஆங்காங்கே கார்பாக்சில் என்கிற, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த அணுத் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். குரோமியம் ஒரு சங்கிலியின் கார்பாக்சிலையும் அடுத்த சங்கிலியின் கார்பாக்சிலையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. தனித்தனியாக நீரில் மிதந்து போக வேண்டிய சங்கிலிகள் ஒரே வலையாகின்றன.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உலோக அயனிகளில் பல, தாம் பிடித்த மூலக்கூறை நொடியில் லட்சம் தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும். +3 குரோமியம் மகா மந்தம். நீரில் இருக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள ஒரு நீர் மூலக்கூறை மாற்றிக்கொள்ளவே அதற்கு நாள்கணக்கில் ஆகும். பிடித்தால் உடும்புப் பிடி. வெந்நீர் என்ன, பல நூறு தடவை மை வழித்தாலும் அது விடுவதில்லை.

ஜெலட்டின் என்பது விலங்குத் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் காய்ச்சி எடுத்தது. அதே கொலாஜனை அதே +3 குரோமியத்தால் பிணைப்பதுதான் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நடக்கும் குரோம் தோல் பதனிடுதல். பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோம் பாய்ந்த தோல் கொதிநீரையும் தாங்கும். வார்ஹோலின் காலத்தில் புழக்கத்தில் இருந்த ஜெலட்டின் ஸ்கிரீன் என்பது வெளிச்சத்தை வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் தோல் பதனிடும் வேலை. பைகுரோமேட் வெளிச்சத்தில் மாறுவதை 1839-இலேயே ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன் சொல்லிவிட்டார். ஜெலட்டினோடு சேர்த்து அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் போட்டோகிராஃபியின் தந்தைகளில் ஒருவரான டால்பட், 1852-இல்.

+6 குரோமியம் நல்ல விஷம். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை ராணிப்பேட்டையில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அந்த ஊர் நிலத்தடி நீர் இன்னும் அதன் பலனை அனுபவிக்கிறது. அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குரோமியத்தைக் குறைக்கும் வழிகளைப் பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் எல்லாச் சேனலும் நேரலை போடுகிறது. போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கழிவுநீர் வேதியியலுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது கிடைத்தால் பணமும் கொஞ்சம் பின்னாலேயே வரும் என்பது என் கட்சி.

சரி, மர்லினுக்கு வருவோம். ஸ்கிரீனுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. துளை திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். அதனால் போட்டோவை முதலில் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் பொடிப் புள்ளி, கழுத்து நிழலில் பெரிய புள்ளி. தள்ளி நின்று பார்த்தால் கண் அவற்றைக் கலந்து சாம்பலாக்கிக்கொள்ளும். வார்ஹோல் ஸ்கிரீனைத் தானே தயாரிக்கவில்லை, கடையில் கொடுத்துச் செய்து வாங்கினார். மஞ்சள் முடி, நீல இமைப்பூச்சு, சிவந்த உதடு ஆகிய வண்ணப் பகுதிகளைக் கேன்வாஸில் முதலில் தீட்டினார். பிறகு அதன் மேல் கறுப்பு மையில் போட்டோவை இறக்கினார். ஆக, வாசகருக்குப் பதில்: இரண்டும்தான். கறுப்பு அச்சும் அடியில் உள்ள வண்ணமும் சரியாகப் பொருந்தாமல் உதடு சற்று விலகி நிற்பது அதனால்தான்.

1963-இல் ஒரு பேட்டியில் தான் இயந்திரமாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். என்னைக் கேட்டால் அவர் ரொம்ப மோசமான இயந்திரம், படங்களுக்கு உயிர் அதனால்தான் வந்தது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள 1962-ஆம் ஆண்டு இரட்டைப் படத்தில் மர்லினின் முகம் 50 தடவை வருகிறது. இடப்பக்கம் 25 வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். வலப்பக்கத்தில் ஒரு வரிசை மை அப்பி முகம் மறைகிற அளவுக்குக் கறுத்திருக்கும். ஓரத்துக்குப் போகப் போக வெளிறிவிடும். சாவின் குறியீடு என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். பட்டறைக்காரர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். மை அதிகமாகி, அழுத்தமும் கூடினால் துளைக்கு வெளியேயும் கசிந்து புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். மை தீரத் தீர, துளைக்குள் காயக் காய, பொடிப் புள்ளிகள் முதலில் அடைபடும். அதனால்தான் வெளிறிய மர்லினில் கன்னத்து மென்நிழல் முதலில் காணாமல் போகிறது, கண்ணும் புருவமும் கடைசி வரை தாக்குப்பிடிக்கின்றன.

வீட்டில் முயல விரும்புகிறவர்கள் பைகுரோமேட் பக்கம் போக வேண்டாம். இப்போது டையசோ, போட்டோபாலிமர் பசைகள் தயாராகவே கிடைக்கின்றன. இவற்றில் குரோமியம் இல்லை. வெளிச்சம் பட்ட இடம் இறுகும் என்கிற தத்துவம் அதேதான். பூசுவதையும் காயவைப்பதையும் மங்கலான மஞ்சள் விளக்கில் செய்யுங்கள். நீலமும் புற ஊதாவும் வந்துவிடக் கூடாது. அப்புறம் வெளியே கொண்டுபோய் வெயிலில் காட்டுங்கள். எத்தனை நிமிடம் என்பது பசையையும் வெயிலையும் பொறுத்தது. முதலில் ஒரு சின்னத் துண்டில் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பெரிய படத்தில் கை வையுங்கள்.