புளிப்பு எங்கே போகிறது?

ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவுங்கள். புஸ்ஸென்று பொங்கும். நுரை அடங்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் புளிப்பு மழுங்கி, உவர்ப்பு தலைதூக்கியிருக்கும். இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு சாறு எடுத்து, சோடாவுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள். நுரை கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் புளிப்பு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

இப்போது இரண்டிலும், அமிலத்தின் வலுவை எண்ணாகக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். எண் குறைந்தால் அமிலம் அதிகம். சோடா போட்டதில் எண் ஏறியிருக்கும். சர்க்கரை போட்டதில் 2-க்கும் 3-க்கும் நடுவே, பிழிந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். அமிலம் துளிகூடக் குறையவில்லை. புளிப்பை மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் இனிப்பும் புளிப்பும் ஒத்துப்போகிற சிட்ரஸ் காக்டெயில் ஷாட் (எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழச்சாறும் மதுவும் கலந்து சின்னக் கிளாஸில் குடிப்பது) ஒன்று கலக்க நினைப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்தத் திருடனைத்தான்.

புளிப்பு என்பது அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனியின் சுவை. அந்த அயனி வெறும் ஒரு புரோட்டான். சுவை மொட்டில் புளிப்புக்கென்றே ஒரு வகை செல் இருக்கிறது. அதன் சுவரில் புரோட்டான் மட்டும் நுழையக்கூடிய ஒரு வாசல். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லைமனின் ஆய்வுக்குழு 2018-இல் ஓட்டோபெட்ரின் என்ற புரதக் குடும்பம்தான் இப்படிப்பட்ட வாசல்களை அமைக்கிறது என்று கண்டது. அடுத்த ஆண்டே, அதில் முதல் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளின் சுவை செல்கள் அமிலத்துக்கு அசைந்துகொடுப்பது வெகுவாகக் குறைந்துபோனதும் தெரியவந்தது. இனிப்புக்கு வேறு செல், அந்தச் சுவையைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியும் வேறு. சர்க்கரை மூலக்கூறு புளிப்பு வாசலில் போய் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. இரண்டு சேதியும் நாக்கிலிருந்து தனித்தனியாகவே கிளம்புகின்றன.

அவை மோதிக்கொள்வது பெரும்பாலும் மூளையில். நாக்கின் ஒரு பாதியில் சர்க்கரைக் கரைசலையும் மறுபாதியில் கசப்பான குவினைனையும் வைத்துப் பார்த்த பழைய சோதனைகள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் இனிப்பு வந்ததும் கசப்பு அடங்கியது. இனிப்பும் புளிப்பும் அப்படித்தான், ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும். நாம் 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது இரண்டும் ஒடுங்கி, எது முன்னால் நிற்கிறது என்று சட்டென்று சொல்ல முடியாத அந்தப் புள்ளியைத்தான்.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதற்கு இயற்கையிலேயே ஒரு மாதிரி உண்டு. நன்கு பழுத்த ஆரஞ்சின் சாற்றில், 100 மில்லிக்குச் சுமார் 9 கிராம் சர்க்கரையும் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாக அமிலமும் இருக்கும். அதாவது பத்துக்கு ஒன்று. பழ வணிகத்தில் ஆரஞ்சு பறிக்கும் பக்குவத்தைச் சொல்வதே இந்தச் சர்க்கரை-அமில விகிதத்தை வைத்துத்தான். எலுமிச்சையில் கதை தலைகீழ்: அமிலம் 6 சதவீதம் அளவுக்கு, சர்க்கரையோ பேருக்கு. எலுமிச்சை ஷாட் கலப்பது என்றால், ஆரஞ்சு மரத்தில் பல மாதம் எடுத்துச் செய்வதை நாம் மேசையில் ஐந்து நிமிடத்தில் செய்கிறோம் என்று அர்த்தம்.

கணக்குப் போடுவோம். 40 சதவீத வோட்கா 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22 மில்லி, சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 22 மில்லி. சாற்றிலிருந்து வரும் அமிலம் 1.3 கிராம். இந்தப் பாகு தண்ணீரைவிடக் கனம், மில்லிக்கு 1.23 கிராம், அதில் பாதி சர்க்கரை. ஆக, சர்க்கரை 13.5 கிராம். பத்துக்கு ஒன்று என்ற அதே விகிதம் வந்து நிற்கிறது. 'சாறு ஒரு பங்கு, பாகு ஒரு பங்கு' என்று மதுக்கூடங்களில் கைப்பழக்கமாகச் சொல்லப்படுவதற்குப் பின்னால் இருக்கும் ரசாயனம் இவ்வளவுதான்.

இதில் வழுக்கி விழும் இடம் பாகு. 'ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர்' என்று அளந்தால் சம எடை வராது. சர்க்கரைப் பரல்களுக்கு நடுவே காற்று இருப்பதால் கப் சர்க்கரை 200 கிராம் இருந்தால், கப் தண்ணீர் 240 கிராம்வரை போகும். தராசு இருந்தால் தராசில் நிறுத்துவிடுங்கள். சர்க்கரையை நேரே ஷேக்கரில், அதாவது ஐஸோடு குலுக்கிக் கலக்கும் மூடிபோட்ட குவளையில், கொட்டுவது இன்னும் மோசம். மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலில் அது கரையவே கரையாது என்று சொல்லலாம். குளிர்ந்த கலவையில் தண்ணீர் கரைப்பதும் மெதுவாகத்தான். முதல் வாய் புளிக்கும், கிளாஸின் அடியில் மணல் கிடக்கும்.

அடுத்தது ஐஸ். இதில்தான் எனக்கு ஒருமுறை மூக்கு உடைந்தது. நண்பர்கள் வருகிறார்கள் என்று ஒரு ஜக்கில் எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து, அறை வெப்பத்தில் நாக்கில் வைத்து வைத்துப் பார்த்து, 'ஆகா, கச்சிதம்' என்று சொல்லும்வரை பாகைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பிறகு ஐஸோடு குலுக்கி ஊற்றினேன். முதல் ஆள் குடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாமவர் எதுவும் சொல்லாமல் தண்ணீர் கேட்டார். ஜக்கில் இருந்த கச்சிதம் கிளாஸுக்கு வரும் வழியில் புளிப்பாகிவிட்டிருந்தது.

காரணம் நாக்கில் இருக்கிறது. இனிப்பு ஏற்பியின் சேதியை மின்துடிப்பாக மாற்றும் வழியில் டிஆர்பிஎம்5 என்றொரு அயனி வாய்க்கால் உண்டு. அது வெப்பத்துக்கு ரொம்பவே கட்டுப்பட்டது. 15-லிருந்து 35 டிகிரி செல்சியஸ்வரை சூடு ஏற ஏற அதன் வேகம் கூடுகிறது, குளிர்ந்தால் சோர்ந்துவிடுகிறது என்று 2005-இல் காட்டினார்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும், அதுவே உறைந்திருக்கும்போது அளவாக இருப்பதும் இதனால்தான். புளிப்பு குளிருக்கு இந்த அளவுக்கு அஞ்சுவதில்லை. ஆகவே வெதுவெதுப்பில் சமமாக இருந்த கலவை, குளிர்ந்ததும் புளிப்புப் பக்கம் சாய்கிறது. மாற்று மருந்து எளிது: அறை வெப்பத்தில் சுவைக்கும்போது 'கொஞ்சம் தித்திப்பு தூக்கல்' என்று தோன்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு ஸ்பூன் கலவையை ஐஸ்கட்டி மேல் ஊற்றி, அரை நிமிடம் கலக்கிவிட்டுச் சுவையுங்கள். அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பலாம்.

ஐஸ் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, உருகித் தண்ணீரும் விடுகிறது. பலர் இதை நஷ்டமாக நினைத்து, பெரிய ஐஸ்கட்டியாகப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். தப்ப முடியாது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. குளிர்ச்சியில் பெரும்பங்கு அந்த உருகலிலிருந்துதான் வருகிறது. நம் கலவை 104 மில்லி. அது 25 டிகிரியிலிருந்து மைனஸ் 5 வரை இறங்க, 2,800 கலோரிபோல வெளியேற வேண்டும். 80-ஆல் வகுத்தால் 35 கிராம் ஐஸ். ஷேக்கரையும் குளிர்விக்க வேண்டும், ஐஸின் மேலே ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈரமும் சேரும் என்பதால், கடைசியில் 45, 50 மில்லி தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

பூஜ்யத்தில் உருகும் ஐஸ் எப்படி மைனஸ் 5-க்குக் கொண்டுபோகும் என்று கேட்கலாம். பக்கத்தில் எத்தனால் இருப்பதால் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயும் உருகிக்கொண்டே இருக்கிறது. உருகத் தேவையான வெப்பத்தைக் கலவையிடமிருந்தும் தன்னிடமிருந்தும் பிடுங்குகிறது. கலவையின் உறைநிலையை நெருங்கியதும் ஆட்டம் முடிகிறது. வேகமாகக் குலுக்கினால் இதற்கு 12, 15 விநாடி போதும். அதற்குமேல் குலுக்குவது கைக்கு உடற்பயிற்சி.

அந்த 50 மில்லி தண்ணீர் விகிதத்தைக் கெடுக்காது. சர்க்கரையையும் அமிலத்தையும் சமமாகவே நீர்க்கச் செய்கிறது. அது மாற்றுவது செறிவை. 23 சதவீதமாக இருந்த மது 15-க்கு இறங்குகிறது, சர்க்கரை 9-க்கு, அமிலம் 0.9-க்கும் கீழே. மீண்டும் கிட்டத்தட்ட ஆரஞ்சுச் சாற்றின் அளவு! வோட்கா, பாகு, சாறு மூன்றையும் உறைபெட்டியில் வைத்துவிட்டு அப்புறம் குலுக்குபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: எல்லாமே ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் ஐஸ் உருக வேண்டிய அவசியம் இருக்காது. கிடைப்பது கெட்டியான, காரமான ஒரு மருந்து. ஷேக்கர் இல்லாத வீட்டில் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். கலவையில் 50 மில்லி தண்ணீரை நாமே அளந்து ஊற்றி, பாட்டிலை உறைபெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் போதும். குலுக்கும்போது நுழையும் பொடிக் காற்றுக்குமிழ்கள் தரும் மென்மை மட்டும் இதில் வராது.

காரம் என்றேன் அல்லவா, அது சுவையே இல்லை. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே ஏற்பி, டிஆர்பிவி1. சாதாரணமாக 42 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் இதை, எத்தனால் ஏறக்குறைய 34 டிகிரியிலேயே விழிக்க வைத்துவிடுகிறது என்று 2002-இல் கண்டார்கள். வாயின் சாதாரண வெப்பமே அதற்குப் போதும்; அதனால்தான் நம் உடம்புச் சூடே நம்மைச் சுடுகிற மாதிரி தொண்டை எரிகிறது. குளிர்ந்த, நீர்த்த, இனித்த ஷாட்டில் இந்த எரிச்சல் அடங்கிவிடும். ஷாட்டின் கவர்ச்சியும் ஆபத்தும் இதுதான். மேலே சொன்ன அளவில் 24 மில்லி சுத்த எத்தனால் இருக்கிறது. அதை நாலு சின்னக் கிளாஸில் பங்கு போடுங்கள். நாக்கு எச்சரிக்காது என்பதால் நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பிஎச் எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால் புளிப்பு பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பிஎச் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட சிட்ரிக் அமிலக் கரைசல் அதிகம் புளிக்கும். சிட்ரிக் அமிலம் தன்னிடம் உள்ள புரோட்டான்களில் பெரும்பகுதியை இன்னும் வெளியே விடாமல் வைத்திருக்கும். உமிழ்நீர் வந்து கொஞ்சத்தைச் சமன்செய்தால் கையிருப்பிலிருந்து மேலும் விடும். பிஎச் தாள் பார்ப்பது கையில் உள்ள சில்லறையை, நாக்கு பார்ப்பது வங்கிக் கணக்கையும் சேர்த்து. ஆகவே ஷாட் கலக்கும்போது அமிலத்தின் மொத்த எடையைக் கணக்கிடுவதே சரி.

ஆரஞ்சுச் சாறு கலந்து ஷாட் செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவதும் இதனால்தான். அது தன்னளவில் சமநிலையில் இருக்கிறது, ஆனால் வோட்காவும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்தால் அமிலம் 0.3 சதவீதத்துக்குப் போய், சப்பென்று ஆகிவிடும். ஆரஞ்சு வாசனை வேண்டும் என்றால் அதோடு பாதியாவது எலுமிச்சை சேர்க்க வேண்டும், அல்லது 100 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 5 கிராம் சிட்ரிக் அமிலப் பொடியைக் கரைத்து, அதை எலுமிச்சை மாதிரி பயன்படுத்த வேண்டும். அந்தச் சாற்றிலேயே 9 சதவீதம் சர்க்கரை இருப்பதை மறக்காமல் பாகில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சாறு அன்றன்றைக்குப் பிழிந்ததாக இருக்கட்டும். சிட்ரஸ் பழத்தில் கசக்காத ஒரு முன்னோடிப் பொருள் இருக்கிறது. பிழிந்தபின் அமிலச் சூழலில் அது மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்த நிமிடத்தில் தெரியாத கசப்பு சில மணி நேரம் கழித்து எட்டிப்பார்ப்பது அதனால்தான். லேசான கசப்புக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: உப்புக் கரைசல் இரண்டு சொட்டு. சோடியம் கசப்பை அமுக்கும், அமுங்கிய கசப்புக்கு அடியிலிருந்து இனிப்பு மேலே வரும். உப்பு தெரிகிற அளவுக்குப் போட்டால் கெட்டது.

பிழிந்து முடித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள். 'எலுமிச்சை' என்று நாம் மூக்கால் அறிவது பெரும்பாலும் தோலின் பொடிப்பொடிப் பைகளில் இருக்கும் எண்ணெயைத்தான். அதில் நிறைய லிமோனீனும், எலுமிச்சைக்கே உரிய மணம் தரும் சிட்ராலும் இருக்கின்றன. சாற்றில் அது குறைவு. உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும், அதை விட்டுவிட்டு மஞ்சள் பகுதியை மட்டும் சீவி, சர்க்கரையில் போட்டு நன்றாகக் கசக்கி, மூடி வைத்துவிடுங்கள். பரல்கள் தோலிலிருந்து ஈரத்தை இழுக்கும், பைகள் உடைந்து எண்ணெயும் கூடவே வெளியேறும். காலையில் திறந்தால் சர்க்கரை நனைந்து, தோல் சுருண்டு, அடியில் மணக்க மணக்க ஒரு மஞ்சள் குழம்பு தேங்கியிருக்கும். எடை பார்த்துத் தண்ணீர் சேர்த்தால், அடுத்த ஷாட்டுக்கான பாகு தயார்.