புத்ராஜெயா முடங்கினால் சுங்கை சிப்புட்டில் மனம் சோருமா?

ஓர் ஏணி. கீழிருந்து மேலாக 0 முதல் 10 வரை படிகள். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படி, மிக மோசமானது பூஜ்யம். இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் பரவலாக்கிய கேள்வி இது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்து மறுபடியும் முதலிடம் என்று நாளேட்டில் படிக்கிறோமே, அந்த வரிசை முழுவதும் இந்த ஒரே கேள்விக்குக் கிடைத்த பதில்களின் சராசரிதான்.

கேள்வி என்னவோ சாதாரணமானது. ஆனால் அதற்கு முன்னால் அரசியல் பேச்சை எடுத்துவிட்டால் பதில் சரிந்துவிடுகிறது. 2008 ஜனவரி முதல் கேலப் நிறுவனம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 அமெரிக்கர்களைத் தொலைபேசியில் அழைத்து இந்த ஏணிக் கேள்வியைக் கேட்டு வந்தது. அந்த ஆண்டின் நிதி நெருக்கடி மக்கள் மனத்தை எவ்வளவு கீழே தள்ளியது என்று பார்க்க, ஆங்கஸ் டீட்டன் அந்தத் தரவை எடுத்துப் பிரித்தார். பின்னாளில், 2015இல், பொருளாதார நோபல் பெற்றவர் அவர். நெருக்கடியைத் தேடிப் போனவருக்கு வேறொன்று அகப்பட்டது. 2009 தொடக்கத்தில் சில வாரங்கள், குலுக்கல் முறையில் பாதிப் பேரிடம் முதலில் ‘நாடு போகும் போக்கு உங்களுக்குத் திருப்தியா?’ என்பது போன்ற அரசியல் கேள்விகளைக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் ஏணியைக் காட்டினார்கள். மீதிப் பேரிடம் அரசியல் கேள்வி இல்லாமல் ஏணி. அரசியல் முந்திக்கொண்டவர்கள் சராசரியாக அரைப் படிக்கும் அதிகமாகக் கீழே நின்றார்கள். வேலையும் சேமிப்பும் வீடும் ஆட்டம் கண்ட நெருக்கடியின் மிக மோசமான கட்டம்கூட ஏணியில் அவ்வளவு பெரிய சரிவை உண்டாக்கவில்லை.

கேலப் பிறகு அரசியல் கேள்விகளைக் குறைத்து, ஏணிக்கு முன்னால் ‘உங்கள் சொந்த வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வியைச் செருகியது. சரிவு பெரும்பாலும் காணாமல் போனது. கவனம் நாட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்ப ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது.

வாழ்க்கை எப்படி என்று கேட்டால் நாம் யாரும் முழுக் கணக்கையும் கூட்டிக் கழித்துவிட்டுப் பதில் சொல்வதில்லை. அந்த நிமிடம் மனத்தின் மேல்தட்டில் எது கிடக்கிறதோ அதை எடுத்து மொத்தத்துக்கும் மதிப்புப் போட்டுவிடுகிறோம். பிள்ளையின் தேர்வு முடிவு கிடந்தால் ஒரு மதிப்பு, நாடாளுமன்றக் கூச்சல் கிடந்தால் இன்னொரு மதிப்பு.

இதைச் சுங்கை சிப்புட்டில் வைத்துப் பார்க்கலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், ஒரு காலத்தில் பால்மரமும் இப்போது செம்பனையும் சூழ்ந்து நிற்கும் பட்டணம். தோட்டங்களில் லயத்து வீடுகளை விட்டுப் பலர் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருப்பவரிடம், தொலைக்காட்சியில் எட்டு மணிச் செய்தி முடிந்த கையோடு ஏணியைக் காட்டினால் ஒரு பதில் வரும். அதே மனிதரிடம் மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது கேட்டால் வேறு பதில் வரும். வீடு, சம்பளம், முட்டிவலி, கடன் எதுவும் மாறியிருக்காது. ‘அரசியல் சண்டையால் மக்கள் மகிழ்ச்சி குறைந்தது’ என்று தலைப்பு போடும் எந்தக் கருத்துக்கணிப்பையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தது என்று தெரியாமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

அப்படியென்றால் எல்லாம் கேள்வித்தாளின் மாயமா? இல்லை. உண்மையான காயமும் உண்டு, ஆனால் அது வேறு வழிகளில் உள்ளே வருகிறது.

அரசியல் முட்டுக்கட்டை என்றதும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவைத்தான் நினைக்கிறார்கள். அங்கே இரண்டு அவைகள், தனியாக ஓர் அதிபர். மேலவையில் 100 பேரில் 60 பேர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலான மசோதாக்களின் விவாதத்தையே முடித்து வாக்கெடுப்புக்குப் போக முடியாது. செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் இழுத்து மூடப்படும். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அப்படி நடந்து, ஏறக்குறைய 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது.

மலேசியாவில், அதாவது அரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில், கதை வேறு. 222 பேர் கொண்ட மக்களவையில் 112 பேர் இருந்தால் ஆட்சி, ஆட்சியில் இருப்பவரின் மசோதா பொதுவாக நிறைவேறிவிடும். இங்கே சட்டம் சிக்கி நிற்பதைவிட ஆட்சியே காலடியில் நழுவுவதுதான் வழக்கமான முடக்கம். 2018 மே முதல் 2022 நவம்பர் வரை மகாதீர், முகிதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார் என்று நான்கு பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். 2020 மே 18 அன்று நாடாளுமன்றம் ஒரே நாள் கூடியது. மாமன்னர் உரையோடு கலைந்தது, விவாதமே இல்லை. 2021 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் 1 வரை அவசரநிலை. பேராக்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 2009இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் தாவியதில் மாநில ஆட்சி கவிழ்ந்தது. 2020 மார்ச்சில் மறுபடி ஆட்சி மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட வாக்காளர் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை.

தோல்வி வலிக்கும் விதத்தை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2012 அமெரிக்கத் தேர்தலுக்கு முன்னும் பின்னும் மக்களின் மகிழ்ச்சியை நாள்தோறும் பதிந்த தரவை மூன்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். தோற்ற கட்சியின் ஆதரவாளர்களின் மனச் சரிவு, பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு பாஸ்டன்வாசிகளிடம் உண்டாக்கிய சரிவைவிடப் பெரிதாக இருந்தது. முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே தோன்றவில்லை. ஜெயித்தவர்களுக்கோ மகிழ்ச்சி ஏறியதாகவே தெரியவில்லை. கிடைத்ததைவிட இழந்தது பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது இங்கேயும் பொருந்துகிறது. ஆறுதல் என்னவென்றால், தோற்றவர்களின் சோகம் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது.

ஒருமுறை தோற்றால் ஒரு வாரம், சரி. ஆட்சி நழுவிக்கொண்டே இருந்தால்? 2018இல் சுங்கை சிப்புட்டில் ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரர். 2020 பிப்ரவரிக்குப் பிறகு அவர் எதிர்க்கட்சிக்காரர். 2022 நவம்பருக்குப் பிறகு மறுபடி ஆளும் தரப்பு. அவர் கட்சி மாறவில்லை, அவருக்கு வாக்குப் போட்டவர்களும் வீடு மாறவில்லை. மேலே காற்று திசை மாறியது, அவ்வளவுதான். இதில் கைக்காசு விஷயமும் இருக்கிறது. மலேசியாவில் தொகுதி மானியம் நெடுங்காலமாக ஆளும் தரப்பு உறுப்பினர்களுக்குத் தாராளமாகவும் எதிர்த்தரப்புக்குக் கிள்ளியும் போகிற ஒன்று, பல காலம் எதிர்த்தரப்புக்கு அறவே இல்லாமலும் இருந்தது. தமிழ்ப்பள்ளி மண்டபத்துக் கூரை, கோயில் பக்கத்துக் கால்வாய், வசதியில்லாத வீட்டுக்குச் சக்கர நாற்காலி எல்லாம் அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிற்பவை. முடக்கம் ஒட்டுக்கடைப் பேச்சாக இருக்கும்வரை அது ஏணியில் அரைப் படி விவகாரம், மறுநாள் மறந்துபோகும். அலுவலக முகப்பில் நின்று ‘இன்னும் ஒப்புதல் வரவில்லை, அடுத்த மாதம் வாங்க’ என்று கேட்கும்போதுதான் அது தங்குகிறது. நாடுகளை ஒப்பிட்ட ஜான் ஹெலிவெல் போன்ற பொருளியலாளர்களும் இதையேதான் கண்டார்கள்: அரசு சேவை ஒழுங்காகக் கைக்கு வருவது மகிழ்ச்சியோடு அழுத்தமாகப் பிணைந்திருக்கிறது, வசதி குறைந்த நாடுகளில் இன்னும் அழுத்தமாக.

இவ்வளவு குழப்பத்திலும் மலேசியர்கள் ஏன் ஏணியிலிருந்து உருண்டு விழவில்லை? 2021 ஜூன் கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாட்டில் வருமானம் நின்றுபோனவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். நாடாளுமன்றம் அப்போது கூடவே இல்லை. அரிசியும் பால்மாவும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து வந்தன. அந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவருக்கு உதவுவது, நன்கொடை கொடுப்பது, தொண்டு செய்வது எல்லாம் உலக அளவிலேயே கொரோனாவுக்கு முன்பைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு கூடியிருந்ததாக 2022இன் உலக மகிழ்ச்சி அறிக்கை சொல்கிறது. கஷ்டம் வந்தால் யாராவது கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கை ஏணி மதிப்பைத் தாங்கிப் பிடிக்கும் வலுவான தூண்களில் ஒன்று. தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்களிடம் அது இயல்பாகவே உண்டு.

அதனால்தான், ஆட்சி கவிழ்வதைவிடக் கோயில் கமிட்டி இரண்டாகப் பிரிவது சிறு பட்டணத்துக்குக் கூடுதல் கேடு என்பது என் கணிப்பு. கட்சிக் கிளை, கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றிலும் பெரும்பாலும் அதே முகங்கள்தான் இருப்பார்கள். மேலே இரண்டு தலைவர்கள் முட்டிக்கொண்டால் கீழே திருவிழா உபயத்தில் தகராறு. அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர் கெவின் ஸ்மித்தின் குழு 2017இல் கேட்டபோது பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் அரசியலால் மனஅழுத்தம் என்றார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தூக்கம் கெட்டதாகச் சொன்னார். அரசியலால் நட்பு முறிந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். பெருநகரத்தில் ஒரு நண்பர் போனால் இன்னொருவர். சுங்கை சிப்புட்டில் அவர் உங்கள் சம்பந்தியாகவும் இருப்பார்.

தலைவர்கள் கைகோத்தால் கீழே சூடு தணியுமா? 2022 நவம்பர் 19 தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்கவில்லை. மலேசிய வரலாற்றில் முதல் தொங்கு நாடாளுமன்றம். சுங்கை சிப்புட்டில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும், தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வும் மோதின. ஐந்து நாள் கழித்து அன்வார் பதவியேற்றபோது பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அரசுப் பக்கம். 1997இல் அரசியல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் கில்லரியும் 11 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, தோற்றவர்களுக்கும் பங்கு தரும் கூட்டணி ஆட்சி முறைகளில் தோற்றவர்களின் அதிருப்தி குறைவு என்று காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நாடுகளில் கூட்டணி என்பது பழகிப்போன ஏற்பாடு. இங்கே நேற்றுவரை மேடையில் திட்டியவரோடு இன்று படத்துக்கு நிற்பதைப் பார்த்த இரு தரப்புத் தொண்டர்களுக்கும் ஆறுதலைவிடக் குழப்பம்தான் அதிகம்.

இந்த மனச்சோர்விலிருந்து தப்பச் செய்தியையே அணைத்துவிடுவது ஒரு வழி. பிரெட் ஃபோர்டும் மேத்யூ ஃபைன்பெர்க்கும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட அரசியல் தரும் எரிச்சலிலிருந்து மனத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நலமாக உணர்ந்தார்கள். கூடவே எதையாவது செய்யவேண்டும் என்ற உந்துதலும் அவர்களிடம் குறைந்தது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவை மூடிவைத்தவருக்கு நல்ல தூக்கம் வரும். கால்வாய்க்காகக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறவர் பெரும்பாலும் மூடிவைக்காதவர்.

கடைசி வழி, என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் சுவையானது, சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. அங்கே 26 மாநிலங்கள், ஒவ்வொன்றிலும் மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவெடுக்கும் உரிமை வெவ்வேறு அளவில். பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரேயும் அலோயிஸ் ஸ்டுட்சரும் 6,000க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள்: அந்த உரிமை கூடுதலாக உள்ள மாநிலத்தில் மக்கள் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள். நல்ல நிர்வாகம் கிடைப்பதால்தானே என்று கேட்கலாம். அதைப் பிரித்தறிய அவர்கள் வாக்குரிமை இல்லாத வெளிநாட்டவரைப் பார்த்தார்கள். அதே ரோடு, அதே தண்ணீர், அதே பள்ளிக்கூடம். ஆனாலும் வெளிநாட்டவரிடம் அந்தத் திருப்தி அவ்வளவு உயரவில்லை. முடிவு எப்படியிருந்தாலும், அதில் தன் கையும் இருந்தது என்பதற்கே தனி மதிப்பு இருக்கிறது.

மலேசியாவில் நகர, ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு அவை சட்டத்திலிருந்தே போய்விட்டன. பினாங்கு மாநிலம் மறுபடி நடத்தப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. சுங்கை சிப்புட் இன்று கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. அதன் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, மாநில ஆட்சி மாறினால் பொதுவாக அவர்களும் மாறுகிறார்கள். குப்பை லாரி வராவிட்டால் ஊர்க்காரர் தேடிப் போகவேண்டிய மனிதரை ஊர்க்காரர் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் முடியாது.