ஸ்டூல் வேறு, ஒரு மணி நேர ஓய்வு வேறு

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் இரவு வீடு திரும்பும்போது கொலுசு காலில் புதைந்திருக்கும். கழற்றி வைத்தாலும் அந்தத் தடம் தூங்கப் போகும்வரை மறையாது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால், மதியம் பேட்ச் பேட்சாக அனுப்பும் 20 நிமிடச் சாப்பாடுதான் இடைவேளை. மாடி ஏறி, கை கழுவ வரிசையில் நின்று, டப்பாவைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். நேரம் பத்தவில்லை என்று கேட்டதற்கு, "அதான் ஸ்டூல் போட்டாச்சே, இன்னும் என்ன?" என்றாராம் சூப்பர்வைசர்.

அந்த ஸ்டூல் சும்மா வந்ததல்ல. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காருவதற்காகவும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததை கேமராவில் பார்த்துக் கூப்பிட்டுத் திட்டுவது இந்தப் பிரிவுக்கு நேர் எதிரானது. இருக்கையை மட்டும் வாங்கிப் போட்டு, உட்காரக் கூடாது என்றால் அது மரச்சாமான், அவ்வளவுதான்.

ஆனால் ஓய்வு இடைவேளை இதைவிடப் பழைய உரிமை. 1947-ல் இயற்றிய மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்க வேண்டுமானால், குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் ஒன்பதரைக்கு வேலை தொடங்கியவரை மதியம் ஒன்றரைக்குள் விட்டாக வேண்டும். அரை மணி அல்ல, முழுசாக ஒரு மணி. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். வேலையும் ஓய்வும் சேர்ந்து நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

"இப்போது 24 மணி நேரமும் கடை திறக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளுக்கு 2019-ல் அப்படி ஓர் அரசாணை வந்தது உண்மை. அந்த அனுமதி கடைக்கு, ஆளுக்கு இல்லை. (ஓட்டல்களுக்கு 1958-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. இங்கே சொல்வது கடைகளுக்கு.)

சரி, அந்த ஒரு மணி நேர ஓய்வைக் கொடுக்கவில்லை என்றால்? முதலில் ஒரு சின்ன நோட்டில் தினமும் வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பக் கூப்பிட்ட நேரம், கிளம்பிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரக் குறிப்பே நிறையப் பேசும். புகாரை உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் கொடுக்கலாம்; கடைக்குள் வந்து பதிவேடுகளைப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. அல்லது 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் சொல்லலாம். தனியாகப் போவதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்போது ஒருவரை மட்டும் குறிவைப்பது கஷ்டம்.

வேலை போய்விடுமோ என்ற பயம்தான் எல்லோருக்கும் பெரிது. என் தங்கைக்கும் அதுதான். அதனால் இதே சட்டத்தின் 41-ஆவது பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும், விசாரணையில் நிரூபணமான தவறான நடத்தைக்காக நீக்கினால் தவிர, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். மீறி நீக்கினால் தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.