ஐ.பி. அதிகாரி கைது செய்ய முடியுமா?

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் என்று செக்போஸ்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே வாழ்கிற நம் ஆட்களுக்கு அதிகாரி என்றாலே நடுக்கம். ஐ.பி. என்கிற மத்திய உளவுத்துறை என்றால் கேட்கவே வேண்டாம். மோசடிக்காரர்கள் காசாக்குவது இந்தப் பயத்தைத்தான்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறைத் தென்னை விவசாயி ஒருவர் அண்மையில் தன் மொபைலை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஓர் அடையாள அட்டை: சிங்க முத்திரை, கோட்டு போட்ட ஆள், ‘ஐ.பி.’ என்று கொட்டை எழுத்து. அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாம். வீடியோ காலை விட்டு நகரக் கூடாதாம். கணக்கைச் சரிபார்க்கப் பணம் அனுப்ப வேண்டுமாம். “ரகசியப் போலீஸுங்க, நெனச்சா தூக்கிட்டுப் போயிருவாங்கல்லங்க?” என்றார்.

முடியாது. 1887-இல் தொடங்கிய ஐ.பி., மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது. நாட்டுக்குள் தகவல் சேகரிப்பது அதன் வேலை. வெளிநாட்டு உளவுக்கு ‘ரா’. 1962, 1965 போர்களில் வெளிநாட்டுத் தகவல் போதவில்லை என்று உணர்ந்து, 1968-இல் ஆர்.என். காவ் தலைமையில் அதைத் தனியாக அமைத்தார்கள். இரண்டுக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. கிடைத்த தகவலை அரசுக்கும் போலீசுக்கும் சொல்வார்கள். ஆளைப் பிடிப்பது போலீஸ். இவற்றின் அதிகாரம் எதுவரை என்று வரையறுக்கும் தனிச் சட்டத்தைப் பார்லிமென்ட் இன்னும் போடவில்லை. அது பெரிய குறை என்பேன். எல்லை எதுவென்று சனங்களுக்குத் தெரியாததால்தான் எவனோ ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லி மிரட்ட முடிகிறது.

தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. கதை வேறு. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-இல் சட்டம் போட்டு அமைத்தது; கைது செய்யலாம். ஆனால் யார் கைது செய்தாலும் பெயர் தெரியும்படி நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீடியோ காலிலேயே ஆளைப் பிடித்து வைக்கிற ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் ஆள் வந்தால் பதற வேண்டாம், அது வழக்கமான வேலை. அவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சரி, பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அரசு ஊழியராக நடிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 204-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதற்கு அந்த மெசேஜ்கள்தான் ஆதாரம்.