இன்டிஜர்: முழு எண்ணா, முழுவா?

'இன்டிஜர்' இலத்தீனிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல். மறுப்பு முன்னொட்டும் 'தொடு' என்னும் பொருளுடைய வேரும் சேர்ந்து 'தொடப்படாதது, குறைபடாதது' என்றாகி, பின்னப்படாத எண்ணைக் குறிக்கலாயிற்று.

நிரலாக்கத்தில் இதனை 'முழு எண்' என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணித நூல்களோ 0, 1, 2 எனச் செல்பவற்றை மட்டும் முழு எண்கள் என்றும், குறை எண்களையும் சேர்த்த தொகுதியை முழுக்கள் என்றும் பிரிக்கின்றன. நிரலில் ஒரு மதிப்பின் வகையையும் அளவையும் குறிக்கும் தரவினம் 16 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 கொள்ளும் ஓர் இடம்) உடையதாயின், அதில் இதே பிரிவு அப்படியே தென்படுகிறது: −32,768 முதல் 32,767 வரை கொள்வது முழு, 0 முதல் 65,535 வரை கொள்வது முழு எண். எனினும் 'முழு' தனித்து நின்றால் பெயரடையாகவே படிக்கப்படும் என்பதால், 'குறியுடைய முழு எண்', 'குறியற்ற முழு எண்' என்று எழுதுவதே எனக்குத் தெளிவாகப்படுகிறது.

கணிதத்தின் முழுக்களுக்கு முடிவில்லை. தரவினத்திற்கோ ஒதுக்கிய பிட்டுகளே எல்லை. நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி என்னும் நிரல்மாற்றியில் (சி மொழி நிரலைக் கணினிக்குரிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) முழு எண் தரவினமான 'இன்ட்' 16 பிட் அளவுடையது. அதில் காரணீயப் பெருக்கம் (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது) கணக்கிட்டால் 7-க்கு 5,040 என்று சரியாக வரும்; 8-க்கு வரவேண்டிய 40,320 எல்லையைத் தாண்டிவிடுவதால் −25,216 என்று திரையில் தோன்றும். குறைக்குறியைக் கண்டதும் மாணவர் விழித்துக்கொள்வார். 32 பிட் 'இன்ட்' உள்ள இன்றைய நிரல்மாற்றிகளில் 12 வரை சிக்கலில்லை. 13-க்கு 6,22,70,20,800 வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் 1,93,20,53,504 வரும். மிகை எண்ணாகவும் நம்பத்தக்க அளவிலும் இருப்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. 64 பிட் எடுத்தாலும் 20 வரைதான் தாங்கும். பைத்தான் மொழியில் முழு எண் தேவைக்கேற்ப வளர்வதால் இக்கவலை இல்லை.

ஆகவே தரவினத்தை இன்றைய மதிப்பைக்கொண்டன்றி, வரக்கூடிய மிகப்பெரிய மதிப்பைக்கொண்டே தேர்வு செய்யவேண்டும். ஒரு பாடத்தின் 100 மதிப்பெண் ஜாவா மொழியின் 8 பிட் தரவினமான 'பைட்'டுக்குள் அடங்கும், ஏனெனில் அதன் உச்சம் 127. பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண்ணாகிய 600 அடங்காது. சென்னையின் 600001 என்னும் அஞ்சல் குறியீட்டிற்கு 16 பிட் போதாது. 10 இலக்கக் கைபேசி எண் 32 பிட்டையும் மீறும். ஆயினும் அதனை யாரும் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால், 64 பிட்டைத் தேடாமல் சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, சேமிப்பதே முறை.