குண்டைச் சுழற்றும் துணி

குழலின் வாய்வழியாகக் குண்டை இறக்கிக் கெட்டிக்கும் பழைய ரைஃபிளில், ஈயக் குண்டு குழலின் இரும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணி ஒன்று இருக்கிறது. சுடுபவரின் கண்ணும் கையும் எவ்வளவு தேர்ந்தவையாக இருந்தாலும், துணி சரியில்லை என்றால் குறி தப்பும்.

உருண்டைக் குண்டுக்குச் சுழற்சி எதற்கு? உள்ளே பள்ளம் இல்லாத வழவழப்பான குழலில் குண்டு கொஞ்சம் தளர்வாகவே கிடக்கும். வெளியேறும்போது ஏதோ ஒரு பக்கச் சுவரில் உரசி, அதற்கேற்பச் சுழலத் தொடங்கும். அப்படிச் சுழலும் உருண்டையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். இங்கிலாந்தின் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1740களில் இதை அழகாக நிரூபித்தார். துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் லேசாக வளைத்துச் சுட்டார். முதலில் இடப்பக்கம் கிளம்பிய குண்டு, போகப் போக வலப்பக்கம் திரும்பிவிட்டது! குழலின் வலச்சுவரில் உருண்டபோது கிடைத்த சுழற்சிதான் காரணம். சாதாரணக் குழலில் உரசும் பக்கம் ஒவ்வொரு முறையும் மாறும், குண்டு போகும் பக்கமும் மாறும்.

ரைஃபிளின் சுருள் பள்ளங்கள் குண்டைப் பறக்கும் திசையையே அச்சாக வைத்துச் சுழல வைக்கின்றன. பக்கவாட்டுத் தள்ளல் அநேகமாக இல்லாமல் போகிறது. வார்ப்பில் ஒரு பக்கம் கனம் கூடியிருந்தாலும் சுழற்சி அதைச் சமன் செய்துவிடும். நீளமான தோட்டா குப்புற விழாமல் இருக்க வேகமான சுழற்சி வேண்டும். உருண்டைக்கு மூக்கும் இல்லை வாலும் இல்லை, மெதுவான சுழற்சியே போதும். அதனால்தான் இந்தக் குழல்களில் 48 அங்குலத்துக்கோ 66 அங்குலத்துக்கோ ஒரு சுற்றுதான் இருக்கும்.

இப்போது துணிக்கு வருவோம். 0.50 அங்குல விட்டமுள்ள குழலுக்குப் பொதுவாக 0.490 அங்குலக் குண்டு, சுமார் 0.015 அங்குலத் தடிமன் துணி. இரண்டு பக்கத் துணியையும் சேர்த்தால் 0.520 அங்குலம், அதாவது குழலைவிடப் பெரிது. அழுத்தி உள்ளே இறக்கும்போது துணி பள்ளங்களுக்குள் பிதுங்கி இறுகுகிறது. துணியின் நெசவு ஈயத்தின் மேல் அச்சாகப் பதிகிறது. கலப்பில்லாத மென்மையான ஈயத்தைத் தேடுவது இதற்காகத்தான். பள்ளம் துணியைத் திருப்ப, துணி குண்டைத் திருப்புகிறது. வெடிமருந்தின் புகை முன்னால் கசியாமல் அடைப்பதும் அதே துணிதான்.

இந்தத் துப்பாக்கிகளின் வெடிமருந்தான கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாக மிஞ்சும். துடைக்காமல் சுட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு குண்டும் வேறு வேறு குழலில் சுட்டதுபோல் ஆகிவிடும். ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, அப்புறம்தான் அடுத்த கெட்டிப்பு. மருந்தின் அளவு மாறக் கூடாது, குண்டை உள்ளே தள்ளும் கோலை அழுத்தும் பலமும் மாறக் கூடாது. குண்டு மருந்தின் மேல் முழுமையாக உட்கார்ந்ததா என்று பார்க்கக் கோலில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். இது குறிக்காக மட்டும் இல்லை: நடுவில் இடைவெளி விழுந்தால் குழலே வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, சுட்ட துணியைப் படிக்கும் வித்தை. குழல்வாய்க்குச் சில அடிகள் முன்னால் அது விழுந்து கிடக்கும். நடுவில் கருத்து, பள்ளங்களின் தடம் தெரிய, ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. குண்டின் விளிம்பு உட்கார்ந்த இடத்தில் வளையமாகப் பொசுங்கியிருந்தால் புகை கசிந்திருக்கிறது, இன்னும் தடித்த துணி தேவை. கத்தி பட்டதுபோல் கிழிந்திருந்தால் பள்ளத்தின் ஓரமோ குழல்வாயோ கூராக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம். இலக்கில் விழுந்த ஓட்டைகள் தவறு நடந்ததை மட்டுமே சொல்லும், துணி ஏன் என்று சொல்லும்.

எவ்வளவு சீராகக் கெட்டித்தாலும் உருண்டைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் தடையில் அது 100 கஜம் போவதற்குள் தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். பக்கக் காற்றும் எளிதில் ஒதுக்கிவிடும். 1849-ல் பிரான்சின் படை அதிகாரி மினியே, வெடிப்பின் அழுத்தத்தில் தானே விரிந்து பள்ளங்களைப் பற்றும் நீளமான தோட்டாவைக் கொண்டுவந்த பிறகு, படைகளுக்குத் துணி தேவைப்படவில்லை.