கிரிட்டிக்கல் ரேஸ் தியரி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய செய்திகளில் சில ஆண்டுகளாக அடிபடும் தொடர் 'கிரிட்டிக்கல் ரேஸ் தியரி'. தமிழில் எழுதும்போது சொல்லுக்குச் சொல் மாற்றி 'விமர்சன இனக் கோட்பாடு' என்று போட்டால் எனக்கு உறுத்துகிறது. 'இனக் கோட்பாடு' என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? ஓர் இனம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்று நாஜிகள் சொன்னார்களே, அதுதான். இந்தத் தொடர் குறிக்கும் சிந்தனையோ அதற்கு நேர் எதிரானது.

இனம் என்பது உடற்கூறு வகுத்ததல்ல, சமூகம் வகுத்தது. இனவெறி தனி மனிதர்களின் மனத்தில் மட்டும் இல்லை, சட்டத்திலும் நடைமுறையிலும் படிந்திருக்கிறது. இதுதான் அதன் சாரம். ஓர் எடுத்துக்காட்டு. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று நகரங்களை நான்கு நிறங்களில் பிரித்து வரைபடம் போட்டது. வீட்டுக்கடன் கொடுக்க மிகவும் ஏற்ற பகுதி பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள், ஆபத்தான பகுதி சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு. கடன் கிடைக்காததால் பலரால் வீடு வாங்க முடியவில்லை. 1968இல் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடை செய்தது. சரி, ஆனால் அப்பா வாங்க முடியாத வீடு மகனுக்கு எப்படி வரும்? அங்கே பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு மதிப்பு குறைந்த பகுதியில் பள்ளியும் தடுமாறும். இன்று வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கு யார்மீதும் வெறுப்பு இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிவப்புக் கோடு மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்தச் சிந்தனை பிறந்தது சட்டக் கல்லூரிகளில். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1971இல் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவர் டெரிக் பெல் இதன் முன்னோடி. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டங்கள் வந்த பிறகும் நிலைமை ஏன் போதிய அளவு மாறவில்லை என்பதே அவரும் அவரைப் போன்ற சட்ட அறிஞர்களும் எழுப்பிய கேள்வி. பெயரைச் சூட்டியவர் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா. 1989இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் நடந்த பயிலரங்கில் அது நிலைபெற்றது.

ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட 2020க்குப் பிறகு இந்தப் பெயர் அரசியல் மேடைக்கு வந்தது. 2021 முதல் ஐடஹோ, டென்னசி, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் இனம் பற்றி வகுப்பறையில் எதைக் கற்பிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு விதித்தன. 1960இல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குக் காவலர் துணையோடு நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் கதையைச் சொல்லும் புத்தகத்தின்மீதுகூட டென்னசியில் ஒரு பெற்றோர் குழு புகார் கொடுத்தது. அந்தக் குழந்தையின் கதையைக் குழந்தைகளிடமிருந்து மறைக்க நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கருத்துக் கணிப்புகளில் சொல்லின் வேலை தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மக்கள் கட்சிவாரியாகப் பிரிகிறார்கள். பெயர் சரியாகத் தெரியாது என்று சொன்னவர்களும் ஏராளம். அடிமை முறையின் வரலாற்றைக் கற்பிக்கலாமா என்று கேட்டால் பெரும்பான்மையோர் ஆம் என்கிறார்கள். அதன் பாதிப்பு இன்றும் தொடர்கிறதா என்று கேட்கும்போது மறுபடி பிளவு.

அப்புறம், நம் சொற்கள். 'இனம்' பழைய சொல். வல்லினம், மெல்லினம் என்பதில் அது வகை. குறளின் 'சிற்றினம் சேராமை'யில் அது கூடிப் பழகும் கூட்டம். தோல் நிறத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ரேசிசத்தைத் தமிழ்நாட்டில் நிறவெறி, இனவெறி என்கிறோம். இலங்கைத் தமிழர் 'இனவாதம்' என்பது சிங்களவர், தமிழர் என்ற அடையாளத்தை வைத்து. அங்கே தோல் நிறம் கணக்கில் இல்லை.

'விமர்சனம்' பேச்சு வழக்கில் குறை சொல்வதாகிவிட்டது. எடைபோட்டு ஆராய்வதற்குத் 'திறனாய்வு' பொருத்தம். முதலில் 'இனத் திறனாய்வு' என்று எழுதிப் பார்த்தேன். 'இனத்திறன் ஆய்வு' என்று யாராவது பிரித்துப் படித்தால் பழைய இடத்துக்கே போய்விடும். அதனால் என் பரிந்துரை 'இனப்பாகுபாட்டுத் திறனாய்வுக் கோட்பாடு'. நீளம்தான், இரண்டாம் முறை எழுதும்போது 'கோட்பாடு' என்பதை விட்டுவிடலாம். செய்தி ஐந்தாம் வகுப்புப் பாடத்தைப் பற்றியது என்றால் இந்தப் பெயரே வேண்டாம். 'அடிமை முறை வரலாற்றுப் பாடம்' என்று எழுதினால் போதும்.